ஒரே இடத்தில் ஒரே தப்பு

வரைபடத்தில் இருப்பது 25 மில்லிமீட்டர். முதல் ஷாஃப்டைக் கழற்றி மைக்ரோமீட்டரில் பிடித்தால் 25.018. பதினெட்டு மைக்ரான் கூடுதல், தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ கால்பங்கு. பழைய லேத்தாக இருந்தால் இந்த இடத்தில் ஆளின் விரல் வேலை செய்திருக்கும். ஹேண்டிலை லேசாகத் தட்டி, டயலில் ஒரு கோட்டுக்கும் குறைவாக நகர்த்தி, இன்னொரு வெட்டு ஓட்டுவார்கள். சி.என்.சி. லேத்தில் செட்டர் டூலைத் தொடுவதே இல்லை. ஆஃப்செட் பக்கத்தைத் திறந்து, அந்த டூல் எண்ணுக்கு நேரே, தேய்மானத்துக்கான வேர் கட்டத்தில் மைனஸ் 0.018 என்று ஏற்றிவிட்டு சைக்கிள் ஸ்டார்ட்டை அழுத்துகிறார். புரோகிராமில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அது 25 என்றே சொல்லிக்கொண்டு ஓடுகிறது. அடுத்த ஷாஃப்ட் 25.000.

கோவை கணபதிப் பக்கத்துப் பட்டறைகளில் இதைப் பலமுறை அருகே நின்று பார்த்திருக்கிறேன். பார்த்து அலுத்ததில்லை.

ஆஃப்செட்டில் இரண்டு பத்திகள் உண்டு. டூல் எங்கே நிற்கிறது என்பது ஜியாமெட்ரி. எவ்வளவு தேய்ந்தது என்பது வேர். தேய்மானத்தை ஜியாமெட்ரியில் போய்த் திருத்தினாலும் ஜாப் சரியாகத்தான் வரும். ஆனால் நல்ல செட்டர் அதைச் செய்யமாட்டார். மாலையில் வேர் பத்தியைப் பார்த்தாலே அன்றைய நாள் முழுவதும் அதில் தெரிய வேண்டும் அவருக்கு. வெளிப்புறம் வெட்டும் டூல் தேயத் தேய ஜாப் பெருக்கும், அதனால் அந்த எண் மைனஸில் இறங்கிக்கொண்டே போகும். துளை போடும் டூல் தேயத் தேய துளை சிறுக்கும், அதன் எண் பிளஸில் ஏறும். ஐந்து மைக்ரான் ஐந்து மைக்ரானாக நகர்ந்து வந்த எண் திடீரென்று பதினைந்து தாவியிருந்தால், டூலில் வெட்டுகிற இன்சர்ட்டின் விளிம்பு உதிர ஆரம்பித்துவிட்டது என்று பொருள். புள்ளியிலும் கவனம் வேண்டும். பல கன்ட்ரோல்களில் புள்ளி வைக்காத 18 என்பது 18 மைக்ரான். புள்ளி வைத்துவிட்டால் அதுவே 18 மில்லிமீட்டர், டூல் நேரே ஜாப்பில் போய் மோதும்.

ஆஃப்செட் கணக்கில் எனக்கு மிகப் பிடித்தது டூலின் முனை. கன்ட்ரோல் எந்த முனையை நகர்த்துவதாக நினைத்துக்கொள்கிறதோ, அந்த முனை உலோகத்தில் கிடையாது. இன்சர்ட்டின் மூக்கு உருண்டை, 0.4 அல்லது 0.8 மில்லிமீட்டர் ஆரம். அந்த உருண்டையை முன்னால் ஒரு கோடும் பக்கத்தில் ஒரு கோடும் தொட்டுச் சென்றால், இரண்டும் சந்திக்கிற இடம் வெறும் காற்று. அந்தக் காற்றுப் புள்ளிதான் கற்பனை முனை. நேராக ஓட்டினாலும் முகம் சீவினாலும் ஒரு குறையும் தெரியாது. 45 டிகிரி சாம்ஃபர் வந்தவுடன் குட்டு வெளிப்படும். 0.8 ஆரத்துக்கு, சாய்வுப் பரப்பில் 0.33 மில்லிமீட்டர் உலோகம் வெட்டப்படாமல் நிற்கும். ஜி42 என்ற கட்டளையைப் போட்டு, ஆரத்தையும் மூக்கு பார்க்கும் திசையையும் சொல்லிவிட்டால், உருண்டையின் மையத்தைக் கணக்கில் வைத்துக் கன்ட்ரோல் பாதையை விலக்கி ஓட்டுகிறது. இல்லாத முனையை வைத்துக்கொண்டு இருக்கிற வளைவைச் சரியாகச் செதுக்குவது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

டூல் மாறிக்கொண்டே இருப்பது. மேஜையை நகர்த்தும் ஸ்க்ரூவோ மெஷினோடு பிறந்தது, அதன் தப்பும் கூடவே பிறந்தது. பத்து மில்லிமீட்டர் பிட்ச் உள்ள பால் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு மேஜையைப் பத்து மில்லிமீட்டர் தள்ள வேண்டும். எந்த ஸ்க்ரூவும் அதை அப்படியே செய்வதில்லை. ஓரிடத்தில் மூன்று மைக்ரான் கூடும், இன்னோரிடத்தில் இரண்டு குறையும். மோட்டாரில் உள்ள என்கோடருக்குத் தெரிவது சுற்று மட்டும். மேஜை நிஜமாகவே எவ்வளவு நகர்ந்தது என்று அதற்குத் தெரியாது. கண்ணாடி ஸ்கேல் வைத்த மெஷின்களின் கதை வேறு, அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்தத் தப்பை மனிதன் கண்ணால் பார்த்தது ஒளியில். 1880களில் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஹென்றி ரோலண்ட் உலோகக் கண்ணாடியின் மேல் வைரமுனையால் அங்குலத்துக்கு 14,438 கோடுகள் கிழிக்கும் இயந்திரம் செய்தார். அதன் உயிர் ஒரு ஸ்க்ரூ. நீளமான நட்டைப் போட்டு, எண்ணெயும் எமரியும் விட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்த ஸ்க்ரூவைச் சமன்படுத்தினார். அப்படியும் சுற்றுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறு பிசகு மிஞ்சியது. அந்தக் கண்ணாடியில் நிறமாலையைப் பார்த்தபோது, உண்மையான கோட்டுக்கு இருபுறமும் பொய்க்கோடுகள் தெரிந்தன. இயற்பியலாளர்கள் அவற்றை இன்றும் ரோலண்டின் பேய்கள் என்கிறார்கள். பேய்க்கும் ஓர் ஒழுங்கு உண்டு: ஸ்க்ரூ ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்ததால்தான் அவை கோடுகளாகத் தெரிந்தன.

ஒழுங்கான தப்பு என்றால் அதைக் கழித்துவிடலாம். கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு முன்பே ஜெனீவாவின் எஸ்.ஐ.பி. நிறுவனம் தன் ஜிக் போரர்களில் இதைச் செய்தது. ஸ்க்ரூவின் பிசகை ஒவ்வோர் இடமாக அளந்து, அதே ஏற்ற இறக்கத்தை ஒரு நீளப் பட்டையின் விளிம்பில் கையாலேயே அரத்தால் ராவி வைத்தார்கள். மேஜை நகரும்போது ஒரு நெம்புகோல் அந்த விளிம்பைத் தடவிக்கொண்டே வந்து, வெர்னியரைத் துளித்துளியாகத் திருப்பும். ஸ்க்ரூவின் குறையை ஒருவர் உலோகத்தில் எழுதிவைத்தார், இன்னோர் உலோகம் அதை வாசித்துத் திருத்திக்கொண்டது.

இன்றைய பிட்ச் எரர் காம்பன்சேஷன் அதே பட்டைதான், எண்ணாக மாறியிருக்கிறது. 500 மில்லிமீட்டர் ஓட்டத்தை 25க்கு ஒன்றாக 21 புள்ளிகளாகப் பிரித்து, போகும்போதும் திரும்பும்போதும் ஐந்துமுறை லேசரால் அளந்து, ஒவ்வொரு புள்ளியின் பிசகையும் கன்ட்ரோலில் ஓர் அட்டவணையாக ஏற்றுகிறார்கள். லேசருக்கு அளவுகோல் ஹீலியம்-நியான் ஒளியின் அலைநீளம், சுமார் 0.633 மைக்ரான். அந்த ஒளியைக்கூட அப்படியே நம்ப முடியாது. காற்றழுத்தம் மாறினால் அலைநீளம் மாறும். கடலோரக் காற்றழுத்தத்துக்கு வைத்த கணக்கை, சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிற கோவையில் அப்படியே போட்டால் மீட்டருக்கு 12 மைக்ரான் தப்பும். அதனால் லேசர் பெட்டியோடு காற்றை அளக்கும் சென்சாரும் வருகிறது. ஸ்க்ரூவைத் திருத்த ஒளி, ஒளியைத் திருத்தக் காற்றழுத்தம்.

அளந்து முடித்ததும் திரையில் வருகிற கோடுகளை வாசிப்பது தனிக் கலை. ஒரே சரிவாக நேரே ஏறினால் வெப்பம். போகும் கோடும் வரும் கோடும் ஒரே இடைவெளியில் இணையாகப் போனால், அந்த இடைவெளிதான் பேக்லாஷ்; ஓர் எண்ணில் தீர்ந்துவிடும். நடுவில் மட்டும் இடைவெளி அகன்றிருந்தால், அந்த மெஷின் வருடக்கணக்காக எந்த நீளத்து ஜாப்பை ஓட்டியது என்பதையே ஸ்க்ரூ சொல்லிவிடுகிறது.

எஃகு மீட்டருக்கு டிகிரிக்கு 11.5 மைக்ரான் நீளும். அரை மீட்டர் ஸ்க்ரூ ஐந்து டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 29 மைக்ரான். அட்டவணை திருத்துவதைவிட இது அதிகம். உலகம் 1931இல் 20 டிகிரியை அளவுக்கான வெப்பநிலையாக ஏற்றதன் காரணம் இதுதான். ஒரு மூத்த செட்டர் புதிதாக வந்த பையனிடம் சொன்னது காதில் இருக்கிறது: "தம்பி, மொத மூணு பீஸ நம்பாத. மெஷின் இன்னும் சூடேறல."

என் தீர்ப்பு இது. ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்கிற ஸ்க்ரூ நல்ல ஸ்க்ரூ. சராசரியில் குறைவான தப்பு செய்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் போய் நிற்கிற ஸ்க்ரூவை எந்த அட்டவணையாலும் காப்பாற்ற முடியாது. தளர்ந்த பேரிங்கைப் பார்க்காமல் பேக்லாஷ் பாராமீட்டரில் எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கொதிக்கும். வட்டம் வெட்டச் சொன்னால், திசை மாறுகிற நான்கு இடங்களிலும் தழும்பு விழுந்து அந்த மெஷின் உண்மையைக் காட்டிவிடும்.

பட்டறை நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பல கன்ட்ரோல்களில் இந்த அட்டவணை உட்கார்ந்திருப்பது ஒரு சின்ன பேட்டரியின் தயவில். மெஷின் அணைந்திருக்கும்போது பேட்டரி தீர்ந்தால் அத்தனை எண்ணும் போய்விடும். அதே மாடல், அதே வருடத்து மெஷினிலிருந்து எடுத்து நிரப்பினாலும் உதவாது. அது வேறு ஸ்க்ரூவின் தப்பு. இன்றே பாராமீட்டர்களோடு பிட்ச் எரர் அட்டவணையையும் ஒரு கார்டில் நகல் எடுத்து, மெஷின் எண்ணை மேலே எழுதி, பத்திரமாக வையுங்கள்.