அளவறிந்த மின்னடி

தாராவிக்குப் பக்கத்துச் சயான் மருத்துவமனை போன்ற இடங்களின் அவசரப் பிரிவில் மின்னடியால் இதயத்தை மீட்டு உயிர்காக்கும் டிஃபிப்ரிலேட்டரை நான் வியப்பது அதன் வலிமைக்காக அல்ல, அளவுக்காக. மின்னடி பெரிதானால் நல்லது என்று தோன்றும். நரம்பையும் தசையையும் ஆராய்ந்து 1901-இல் வைஸும் 1909-இல் லாப்பிக்கும் காட்டியது வேறு: மின்துடிப்பு குறுகினால் மின்னோட்டம் கூட வேண்டும், ஓர் எல்லைக்குமேல் நீட்டினாலோ அந்தத் தேவை குறையாது, ஆற்றல்தான் வீண். பழைய ஒருதிசைக் கருவிகள் 360 ஜூல் வரை கேட்டன. பாதியில் திசைமாறும் இன்றைய மின்துடிப்புக்குப் பெரும்பாலும் 120 முதல் 200 ஜூல் போதும். எத்தனை அழகான சிக்கனம்! அப்படியானால், முதல் அடி தோற்றதும் ஏன் அளவைக் கூட்டுகிறார்கள்? மார்பின் மின்தடை ஆளுக்கு ஆள் மாறும். இதயத்தை மீட்பது அதை எட்டும் மின்னோட்டமே, திரையில் தெரியும் ஜூல் அல்ல. தாராவியின் குறுகிய சந்தில் ஒருவர் இதயம் நின்று விழுந்தால், கருவி வந்துசேரும்வரை, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்திக்கொண்டே இருங்கள்.