எட்டு மீட்டரில் ஒரு கண்

கார் வைத்திருக்கும் நண்பரிடம் ராத்திரி ஹைவே பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தில், 'எதிர்ல வர்றவன் லைட்டு கண்ணைப் பிடுங்குது சார்' என்பார். அடுத்த ஐந்து நிமிஷத்தில், தன் வண்டிக்கு எந்தக் கடையில் எந்த லைட் மாற்றினார் என்று விலாசத்தோடு சொல்வார். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக அவருக்குத் தோன்றாது. 2008-ல் எனக்கும் தோன்றவில்லை.

அப்போது ஊரெல்லாம் ஸெனான் ஜுரம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் அலங்காரச் சாமான் விற்கும் கடைகளில் 'எச்.ஐ.டி. கிட்' என்று அட்டைப்பெட்டிகள் அடுக்கி வைத்திருப்பார்கள். என்னுடையது சின்னக் கார். அதன் ஹெட்லைட் வெளிச்சம், கோயில் பிரகாரத்து அகல்விளக்குக்கு ஒரு பங்கு அதிகம், அவ்வளவுதான். கடைப் பையன் கேட்டான்: 'ஃபோர் தவுசண்ட் த்ரீ ஹண்ட்ரட் கே வேணுமா, எய்ட் தவுசண்ட் கே வேணுமா?' பெரிய நம்பர் பெரிய வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டு எட்டாயிரத்தைக் காட்டினேன். 'இது லீகல்தானே தம்பி?' என்று ஒரு கேள்வியும் கேட்டு வைத்தேன். மனசாட்சிக்காக. 'பென்ஸ், பி.எம்.டபிள்யூ எல்லாம் இதோடதான் சார் வருது' என்றான். அந்தப் பதிலில் நான் திருப்தி அடைந்தேன். நீங்களும் அடைந்திருப்பீர்கள்.

முதலில் அந்த 'கே'. அது கெல்வின். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு. எவ்வளவு வெளிச்சம் என்பதை அது சொல்லாது. பெரிய கம்பெனிக் கார்களில் தொழிற்சாலையிலேயே வந்த ஸெனான் பல்புகள் பெரும்பாலும் 4300-ஐ ஒட்டியவை. அதற்கு மேலே போகப்போக நீலம் கூடும், வெளிச்சம் குறையும். நான் கூடுதல் ஆசைப்பட்டுக் குறைந்த வெளிச்சத்தை வாங்கி வந்திருந்தேன். அதுவே பழைய பல்பைவிடப் பல மடங்கு பிரகாசமாக இருந்ததால் குறை தெரியவில்லை. போர்ட்டிகோ சுவர் நீல வெள்ளையில் ஜொலித்தது. பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார். வேறென்ன வேண்டும்?

மூன்று மாசம் இப்படிச் சந்தோஷமாகப் போயிற்று. அப்புறம் ஒரு கல்யாணம். காரை மச்சினனிடம் கொடுத்து, பெண்களை ஏற்றிக்கொண்டு முன்னால் போகச் சொன்னேன். ஆபீஸ் வேலை முடிந்து நான் பைக்கில் கிளம்பினேன். திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகிற ரோடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். காடு, ஏரி, வளைவு. நடுவில் தடுப்பு கிடையாது. எதிரே ஒரு வண்டி. வண்டி என்பதே அனுமானம்தான். தெரிந்தது இரண்டு நீலச் சூரியன்கள். ரோடு காணாமல் போயிற்று. வெள்ளைக் கோடு போயிற்று. என் ஹாண்டில்பார்கூடத் தெரியவில்லை. பிரேக் பிடித்து இடது காலை ஊன்றினால் கீழே மணல். விழவில்லை. கடந்து போன பிறகு திரும்பி, பின்னால் இருந்த நம்பர் பிளேட்டைப் பார்த்தேன்.

என் கார். ஏதோ சாமான் மறந்துபோய் மச்சினன் திரும்பி வந்திருக்கிறான்.

மண்டபத்தில் அவன் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. 'வண்டி சூப்பர் மாமா. எதிர்ல வர்றவன் எல்லாம் தானா ஓரங்கட்டி வழி விட்டுடறான்.'

அந்தக் கடைப் பையன் பொய் சொல்லவில்லை. ஸெனான் விளக்கு பெரிய கார்களில் வந்தது நிஜம். 1991-ல் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸில் முதலில் வந்தது. ஆனால் அந்தக் காரில் பல்பை மட்டும் வைக்கவில்லை. பல்புக்காகவே ஒரு விளக்கைக் கட்டினார்கள். நம் விவகாரமே இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

உங்கள் காரில் இருக்கும் சாதாரண ஹாலஜன் எச்4 பல்பைக் கழற்றிப் பாருங்கள். (கண்ணாடியைக் கையால் தொடாமல்.) உள்ளே இரண்டு இழைகள். லோ பீம் இழைக்குக் கீழே ஒரு குட்டித் தகரத் தொட்டில். அந்த இழையின் வெளிச்சம் கீழ்ப்பாதிக் கண்ணாடியில் பட்டு மேலே எகிறாமல் தடுப்பது அதுதான். விளக்கின் உள்வளைவு முழுவதும், இழை இந்த இடத்தில்தான், இந்த நீளத்தில்தான் இருக்கும் என்று நம்பி வடிவமைக்கப்பட்டது. ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் கணக்குத் தப்பும். நம் ஊர் விளக்கில் வெளிச்சம் இடது ஓரத்தில் கொஞ்சம் மேலே ஏறும், நடந்து போகிறவர் தெரிவதற்காக. வலது பக்கம் தாழ்ந்தே இருக்கும், எதிரே வருகிறவருக்காக. ஒரு பழைய ஹெட்லைட்டுக்குள் இவ்வளவு நாகரிகம் இருக்கிறது.

ஸெனான் பல்பில் இழையே கிடையாது. சின்னக் குவார்ட்ஸ் குமிழுக்குள் ஸெனான் வாயுவும் உலோக உப்புகளும். பல்லாஸ்ட் என்கிற பெட்டி இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஒரு உதை கொடுத்ததும், இரண்டு முனைகளுக்கு நடுவே மின்சாரம் வில் மாதிரி வளைந்து எரியும். 55 வாட் ஹாலஜன் இழை சுமார் 1000 லூமன் கொடுத்தால், இது 35 வாட்டில் 3000 கொடுக்கும். புத்திசாலித்தனமான சாதனம்தான். ஆனால் இதன் ஒளி இழையின் வடிவத்தில் இல்லை, இழையின் இடத்தில் கச்சிதமாக உட்காருவதும் இல்லை. அந்த வளைவுக் கண்ணாடி பாவம், வந்ததையெல்லாம் கண்டபடி வீசுகிறது. இருட்டாக இருக்க வேண்டிய மேல்பகுதியில் வெளிச்சம் கொட்டுகிறது. எதிரே வருகிறவனின் கண் இருப்பது அங்கேதான்.

இன்னொரு வேடிக்கை. ஓட்டுகிறவனுக்கும் இதில் லாபம் அவன் நினைக்கிற அளவு இல்லை. பானெட்டுக்கு முன்னால் பத்தடியில் வெளிச்சம் வெள்ளமாய்க் கொட்டினால் கண்ணின் பாவை சுருங்கும். தூரத்தில் நிற்கிற மாடு இன்னும் மங்கலாகத்தான் தெரியும். பிரகாசமாக உணர்வதும் பார்வை தெளிவதும் வேறு வேறு.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 106-வது விதியைப் படித்துப் பாருங்கள். எனக்கு அது பிடித்துப் போய்விட்டது. விளக்கிலிருந்து எட்டு மீட்டர் தூரத்தில், வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு கண் இருப்பதாக அது கற்பனை செய்துகொள்கிறது. அந்தக் கண் கூசக்கூடாது. பெயர் இல்லாத, முகம் இல்லாத ஒரு கண்ணை இவ்வளவு அக்கறையாக அளந்து எழுதியவர் யாரோ, ஒரு ராத்திரி சைக்கிளில் போயிருக்க வேண்டும்.

கிட் விற்பவர்களின் வாதம் வேறு. 'ஆர்.சி. புக்கில் ஹெட்லைட் பற்றி எதுவும் இல்லையே, அப்புறம் என்ன ஆல்டரேஷன்?' 2019-ல் வந்த சட்டத் திருத்தம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. அனுமதிக்கப்படாத வகையில் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றினால், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது இரண்டும். 182ஏ பிரிவு. மாட்டிக்கொள்பவர் வண்டிச் சொந்தக்காரர். 'லீகல்தான் சார்' என்று சொன்ன கடைப் பையன் அப்போது பக்கத்தில் இருக்கமாட்டான்.

வெளிநாட்டிலும் யாரும் ஸெனானையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐரோப்பிய விதிப்படி 2000 லூமனுக்கு மேற்பட்ட லோ பீம் பல்பு என்றால், சுமை ஏறி வண்டி பின்னால் தாழ்ந்தாலும் வெளிச்சம் மேலே தூக்காதபடி தானாகச் சரிசெய்யும் ஏற்பாடும், விளக்கின் கண்ணாடியைக் கழுவும் ஏற்பாடும் வேண்டும். தூசு படிந்தால் ஒளி சிதறுமே, அதற்காக. நம் கிட்டுகளில் இரண்டுமே கிடையாது. பின் சீட்டில் நாலு பேர் உட்கார்ந்தால் விளக்கு வானத்தைப் பார்க்கும். ஹாலஜன் விளக்கில் எச்.ஐ.டி. கிட் போட்டால் அது விதிக்குப் பொருந்தவே முடியாது என்பது அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு நிறுவனத்தின் நிலை. பிரிட்டனில் 2021 முதல், வருஷா வருஷம் நடக்கும் சோதனையில் இப்படி மாற்றிய காரை ஃபெயில் ஆக்குகிறார்கள்.

நம்மிடம் அந்த வருஷச் சோதனையே இல்லை. சொந்தக் கார் என்றால் பதிவு செய்து பதினைந்து வருஷம் கழித்துத்தான் எஃப்.சி. அதுவும் பகலில். 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டதும் நடுரோட்டில் கண்ணாடியைச் சுரண்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஃபிலிம் பகலில் கண்ணுக்குத் தெரியும். ஹெட்லைட் ராத்திரிதான் தெரியும், அப்போது போலீஸ்காரருக்கும் கண் கூசும். இங்கே நாம் கண்ட ஒரே வைத்தியம், விளக்கு நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது. அது வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கும், திசையைத் திருப்பாது. ஒழுகுகிற குழாய்க்குத் துணி சுற்றுவது மாதிரி.

ஆனாலும் கிட் வாங்குகிறவர்களை வெறும் பந்தாப் பேர்வழிகள் என்று நான் தள்ளிவிடமாட்டேன். பல கார்களில் ஹெட்லைட் நிஜமாகவே மோசம். கோடு அழிந்த ரோட்டில், லைட் இல்லாத டிராக்டர் டிரெய்லருக்குப் பின்னால் போகிறவன் வெளிச்சம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவனுக்கு நான் பின்னால் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன். பழைய வண்டிகளில் ஒயர் மெலிசு, ஸ்விட்ச் தேய்ந்திருக்கும். பல்புக்குப் போய்ச் சேரும் வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால், ஹாலஜன் வெளிச்சத்தில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். பாட்டரியிலிருந்து தடிமனான ஒயர், ஃப்யூஸ், ரிலே வைத்து, அதே 60/55 வாட் பல்பைப் போட்டால் போன வெளிச்சம் திரும்பி வரும். மஞ்சள் பூத்த பிளாஸ்டிக் கண்ணாடியை பாலிஷ் போடுங்கள். விளக்குக்குப் பின்னால் உயரம் திருத்த ஒரு திருகு இருக்கும். அதை எந்த மெக்கானிக்கும் வாங்கின நாளிலிருந்து தொட்டிருக்கமாட்டார்.

இப்போது ஸெனான் பெட்டிகள் ஓய்ந்து எல்.இ.டி. பெட்டிகள் வந்துவிட்டன. 'பிளக் அண்ட் பிளே', '6000 கே'. பழைய விளக்குக்குள் புதுப் பல்பு என்ற அதே கதை. ஜெர்மனியில் 2020-ல் இப்படி ஒரு எல்.இ.டி. பல்புக்கு அனுமதி கொடுத்தார்கள். எப்படித் தெரியுமா? எந்தக் கார், அதில் எந்த விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பட்டியல் போட்டு. பட்டியலில் இல்லாத காருக்கு அந்தப் பல்பு ஆகாது. அது ஒழுங்கான வழி. நம் கடைகளில் பட்டியல் கேட்டால் விலைப் பட்டியலைத்தான் நீட்டுவார்கள்.

என் கிட்டைக் கல்யாணம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கழற்றிவிட்டேன். கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அட்டைப்பெட்டியோடு பரணில் போட்டேன். தீபாவளிக்கு வந்த மச்சினன் அண்ணாந்து பார்த்துவிட்டு, 'சும்மாதானே கிடக்கு மாமா, என் வண்டிக்குக் குடுங்களேன்' என்றான்.

அதில் ஒரு பல்பு ஃப்யூஸ் ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.