‘புத்துயிர்ப்பு’ நாவலில் வழிபாடும் மனமாற்றமும்

கிறித்தவ வாழ்வில் அகமாற்றத்தையும் புறச் சடங்கையும் எதிரெதிர் நிறுத்துவோர் பெரும்பாலும் லியோ டோல்ஸ்டோயையே சான்றாகக் கொள்வர். 1899இல் வெளிவந்த ‘புத்துயிர்ப்பு’ நாவலின் சிறைக்கோயில் காட்சியை ரஷ்யத் தணிக்கையினர் நீக்கியமையும், 1901இல் ரஷ்யத் திருச்சபை அவரைப் புறம்பானவரென அறிவித்தமையும் இதற்குக் காரணமாகலாம். எனினும், சடங்கு பொய், மனமாற்றம் மெய் என்னும் எளிய சூத்திரத்துள் இந்நாவல் அடங்குமென நாம் கருதவில்லை.

நாவலில் முதன்மையான இரு வழிபாட்டுக் காட்சிகள் உள. ஒன்று, கிராமக் கோயிலில் நிகழும் உயிர்ப்புத் திருவிழாவின் நள்ளிரவு வழிபாடு. மெழுகுதிரி ஒளியும் பாடலும் குடியானவர் கூட்டமும் இளம் பிரபு நெஹ்லூதவின் உள்ளத்தை நிறைக்கின்றன. வேலைக்காரப் பெண் கத்யூஷா முகஞ்சிதைந்த பிச்சைக்காரன் ஒருவனை அருவருப்பின்றி முத்தமிட்டு உயிர்ப்பு வாழ்த்துக் கூறுகின்றாள். இங்கு ஆசிரியரிடம் எள்ளல் சிறிதுமில்லை. அதே திருச்சபையின் வழிபாடே சிறையில் கைதிகளின் விலங்கோசையிடையே நிகழும்போது பொருளற்ற அசைவுகளாகச் சித்திரிக்கப்படுகின்றது. அங்கு மனிதர் ஒருவரையொருவர் வாழ்த்தினர். இங்கு விலங்கிட்டோரும் விலங்கு பூண்டோரும் ஒரே கூரையின்கீழ் நிற்கின்றனர். வேறுபாடு சடங்கில் இல்லை, அது நிகழும் சமூக உறவிலேயே உள்ளது.

அந்த நள்ளிரவின் பரவசமும் கத்யூஷாவைக் காக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. திருவிழா கழியுமுன்னரே நெஹ்லூதவ் அவளைக் கெடுத்து, நூறு ரூபிள் நோட்டொன்றைத் திணித்துவிட்டுச் செல்கின்றான். ஆண்டுகள் பல சென்றபின், நீதிமன்றில் யூரராக அமர்ந்திருக்கையில் அவளைக் குற்றவாளிக் கூண்டிற் கண்டு மனந்திரும்புகின்றான். அப்பொழுது அவன் சிந்தும் கண்ணீரில் நன்மையும் தீமையும் கலந்திருப்பதாக ஆசிரியரே கூறுகின்றார். தன் நல்லியல்பைத் தானே வியந்து உருகும் கண்ணீரும் அதில் உண்டு. அகமாற்றமும் ஒருவகைச் சடங்காகிவிடலாம் என்பதை இதனினும் கூர்மையாகச் சொன்ன எழுத்துகள் மிகச் சிலவே. தன்னைக் கொண்டு அவன் மறுமையைத் தேடிக்கொள்ள முயல்வதாகக் கத்யூஷா சீறுவதும் இதனையே சுட்டுகின்றது. நிலத்தைக் குடியானவர்க்கு விட்டுக்கொடுக்க முன்வரும்போது அவர்களும் அவனை ஐயத்துடனேயே நோக்குகின்றனர்.

இத்துணை விழிப்புடன் எழுதிய ஆசிரியர், முடிவில் நெஹ்லூதவின் கையில் மத்தேயு சுவிசேஷத்தைக் கொடுத்து, மலைப்பிரசங்கத்தின் கட்டளைகளிலே விடை காணச் செய்வது நமக்கு ஏமாற்றமளிக்கின்றது. செகாவும் இம்முடிவைக் குறைகண்டார். கத்யூஷாவோ எந்நூலையும் துணைகொள்ளவில்லை. நெஹ்லூதவ் தன்னை மணப்பதை ஏற்காது, அரசியற் கைதியான சிமன்சனுடன் வாழத் துணிகின்றாள்.