நிறுவிய பின் என்ன? டெபியன் கையேட்டின் எட்டாம் இயல்

லினக்ஸைக் கணிப்பொறியில் நிறுவுவது இன்று கடினமான வேலையன்று. தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பொறிக்குப் பெயர் வேண்டும். வலையில் முகவரி வேண்டும். பயனர் கணக்கு, மொழி, நேரம் எல்லாம் ஒழுங்காக அமைய வேண்டும். இந்தக் கட்டத்தில் மாணவருக்குக் கைகொடுக்கும் நூல்களில் ஒன்று, ரஃபேல் ஹெர்ட்சாக், ரோலண்ட் மாஸ் இருவரும் எழுதிய 'டெபியன் நிர்வாகியின் கையேடு'. 2004-இல் பிரெஞ்சில் வெளிவந்த நூல், வாசகர்கள் திரட்டித் தந்த நிதியால் 2012-இல் ஆங்கிலத்தில் வந்தது. எவரும் படியெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம் என்ற உரிமமும் அதற்கு உண்டு. அடிப்படை அமைப்புகளைப் பற்றிய அதன் எட்டாம் இயலை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

ஆசிரியர்கள் பொத்தான்களைக் காட்டுவதோடு நிற்கவில்லை. அமைப்புகள் எல்லாம் 'இடிசி' என்னும் அடைவில் சாதாரண உரைக் கோப்புகளாக இருக்கின்றன என்பதைத் திறந்து காட்டுகிறார்கள். பொறியின் பெயர் 'ஹோஸ்ட்நேம்' என்ற கோப்பில் ஒரே ஒரு வரி. பெயர்களுக்கு உரிய முகவரிகளின் சிறு பட்டியல் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில். வெளியுலகப் பெயர்களை யாரிடம் கேட்பது என்பது 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பில். பட்டியலை முதலில் பார்ப்பதா, பெயர்ச் சேவையகத்தை முதலில் கேட்பதா என்ற வரிசையை 'என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப்' முடிவுசெய்கிறது.

இங்கே நூல் தரும் ஓர் எச்சரிக்கை பொன்னானது. 'ஹோஸ்ட்' என்ற கட்டளை நேரே பெயர்ச் சேவையகத்தைத்தான் கேட்கும். உள்ளூர்ப் பட்டியலைப் பார்க்காது. ஆகவே 'பிங்' கண்டுபிடிக்கும் பெயரை 'ஹோஸ்ட்' இல்லை என்று சொல்லக்கூடும். இரண்டுமே உண்மை பேசுகின்றன! இது தெரியாமல் நல்ல நிலையில் உள்ள கோப்பைத் திருத்திக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

குறைகளுக்கு வருவோம். ஐ.பி. முகவரி, உபவலை முதலிய அடிப்படைகள் ஒரு பெட்டிச் செய்தியில் அடங்கிவிட்டன. 192.168.0.3 என்ற முகவரிக்கு 255.255.255.0 என்ற மறைப்பு இருந்தால், முதல் மூன்று எண்கள் வலையையும் கடைசி எண் பொறியையும் குறிக்கும். 256 எண்களில் இரண்டு தனிப் பயனுக்குப் போக, 254 பொறிகளுக்கு இடமுண்டு. தொடக்க மாணவருக்கு இதுதான் உயிர்நாடி. இதைப் பெட்டியில் போட்டு, இன்று பெரும்பாலோர் கண்ணால்கூடக் காணாத தொலைபேசி மோடத்துக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருப்பது சரியாகப் படவில்லை.

இன்னொன்று பெரிய குறை. 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பைக் கையால் திருத்தினாலும், 'நெட்வொர்க்மேனேஜர்' போன்ற நிரல்கள் அதை மேலெழுதிவிடலாம். நூல் இதைச் சொல்லாமல் இல்லை. போகிறபோக்கில் சொல்லிச் செல்கிறது. மாலையில் திருத்திய கோப்பு மறுநாள் காலை பழையபடி இருந்தால் மாணவர் தன்னையே சந்தேகிப்பார். ஒரு கோப்புக்கு யார் சொந்தக்காரர் என்ற கேள்வியை முதலிலேயே எழுப்பியிருக்க வேண்டும்.

வலை வேலை செய்யாதபோது எந்த வரிசையில் சோதிப்பது என்பதற்கும் தனிப் பகுதி இல்லை. நாமே சொல்லிவிடலாம். முதலில் சொந்த முகவரி அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நுழைவாயிலுக்குப் பிங் அனுப்புங்கள். அதன்பின் வெளியிலுள்ள பொறி ஒன்றுக்கு, எண்ணாகவே. கடைசியில் பெயரால். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், கம்பியையும் அட்டையையும் விட்டுவிட்டுப் பெயர்க் கோப்புகளைப் பாருங்கள். (பிங்குக்கு மறுமொழி தராத பொறிகளும் உண்டு, ஒன்றை நம்பி முடிவுசெய்ய வேண்டாம்.)

நூலின் கற்பனை நிறுவனமான ஃபால்காட், பிரான்சின் சாந்த் எத்தியேனிலும் மாம்பெலியேயிலும் இயங்கும் ஒலிக்கருவித் தொழிற்சாலை. நூற்றுக்கணக்கான ஊழியர்களுக்குப் பொருந்தும் அறிவுரை சில இடங்களில் வீட்டிலுள்ள ஒற்றைப் பொறிக்கு மிகையாகிறது. மொழி அமைப்பும் யூடிஎஃப்-8 குறியீடும் பற்றிய தொடக்கப் பகுதியை மட்டும் தவறவிடாதீர்கள். டிஸ்கி, டாப் என்று பல குறியீடுகளில் தமிழ்க் கோப்புகளை வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தொல்லை பழக்கமானதே. இயலின் இறுதியிலுள்ள கெர்னல் தொகுப்பை முதல் வாசிப்பில் விட்டுவிடலாம். வலையும் கணக்குகளும் சீரானபின் திரும்பி வரலாம்.