படத்தின் பின்புறம் எழுதப்படாதவை

பாகூர்ப் பக்கத்து வயல்களில் நாற்று நடும் பெண்களின் குனிந்த முதுகுகள், ஊசுட்டேரியின் நீரில் தலைகீழாய் நிற்கும் பனைகள், வில்லியனூர் லூர்து அன்னையின் தேர்பவனியில் மெழுகுவர்த்தி ஏந்திய கைகள், திருக்காமீசுவரர் தேரின் வடத்தைப் பற்றிய கைகள். புதுவையின் கிராமக் கொம்யூன்களில் கைப்பேசியோ சிறு கேமராவோ வைத்திருக்கும் நம் இளைஞர்கள் எடுக்கும் நிழற்படங்களில் பெரும்பகுதியை இந்நான்கிற்குள் அடக்கிவிடலாம். படங்கள் அழகானவையே. பிழைப்புக்காக அன்றி விருப்பத்தால் எடுக்கப்பட்டவை என்பதும் அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கும். ஆனால் படத்தோடு நில்லாமல், அதன் கீழ் இரண்டொரு வரிகளும் எழுதியே அவர்கள் அதைப் பிறருக்குக் காட்டுகின்றனர். நாம் இங்கே எடைபோட விரும்புவது அந்த வரிகளைத்தான்.

நாற்று நடும் பெண்ணின் கீழே உழவின் மேன்மையைப் போற்றும் ஒரு வரி. முகம் சுருங்கிய மூதாட்டியின் கீழே தாய்மையைப் பற்றிய ஒரு வரி. இவ்வரிகளை இடம் மாற்றி வைத்தாலும் ஒன்றும் குறையாது. மூதாட்டியின் பெயர் இல்லை, ஊர் இல்லை. அன்று காலை அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பதும் இல்லை. ஒருவரை நிறுத்தி முகத்தை வாங்கிக்கொண்டு, பெயரைக் கேளாமல் போய்விட்டோம் என்பதே அதன் பொருள். இதனைக் கலையின் குறை என்று மட்டும் நாம் கருதவில்லை. மரியாதையின் குறை என்றே சொல்வோம்.

பெரியோர் படங்களுக்கு இந்த இடர் இல்லை. 1950 ஏப்ரலில் பிரெஞ்சு நிழற்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் புதுவைக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார். அப்படங்களின் கதையை நூல்கள் காத்துவருகின்றன. அதே ஆண்டில் சில கல் தொலைவில் பாகூர் ஏரிக்கரையில் யாரேனும் ஓர் உழவரைப் படமெடுத்திருந்தால், அவர் யாரென்று அவர் வீட்டார் சொன்னாலொழிய நமக்கு வழியில்லை. எளியவரின் படத்துக்குக் கதையை யாராவது எழுதியே ஆகவேண்டும்.

அதனை அவர்களே எழுதினால் என்ன ஆகும் என்பதற்குச் சீனத்தின் யுன்னான் மாநிலம் ஒரு சான்று. 1992-இல் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் எனும் இரு பெண்மணிகள் அங்குள்ள 62 கிராமத்துப் பெண்களின் கையில் கேமராவைக் கொடுத்தனர். அவர்களில் பலர் அதுவரை கேமராவைத் தொட்டிராதவர்கள். எடுத்த படங்களைப் பரப்பிவைத்துக் கூடிப் பேசினர். இங்கே என்ன காண்கிறோம், உண்மையில் என்ன நடக்கிறது, இது நம் வாழ்வோடு எவ்வாறு தொடர்புடையது, ஏன் இப்படி இருக்கிறது, நாம் என்ன செய்யலாம் என்பவை பின்னாளில் இம்முறைக்கு அடிப்படையாக நின்ற கேள்விகள். சோளக்கொல்லையில் ஒரு பெண் களையெடுக்கிறாள். அவள் குழந்தை தனியே கிடக்கிறது. ஒரு பெண் எடுத்த படம் இது. வேலை நாள்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அப்படத்தை வைத்தே பேச்சு எழுந்தது. வெளியூர்க் கலைஞர் எடுத்திருந்தால் பெரும்பாலும் அதன் கீழே தாய்மையைப் பற்றிய வரியே வந்திருக்கும். எடுத்தவளோ, தானும் அந்நிலையில் நின்றவள். ஆகவே கதை அறிவுரையாகாமல் செய்தியாயிற்று. ‘போட்டோவாய்ஸ்’ என்ற பெயரில் இம்முறை இன்று பல நாடுகளில் வழங்குகிறது.

நம் நாட்டுக்குள் வந்தால் மதுரையின் எம். பழனிக்குமாரைச் சொல்லவேண்டும். இன்று அவர் பெயர்பெற்ற கலைஞர். 2022-இல் தயாநிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலில் பெற்றவர். ஆனால் அவரது கண் பழகியது, மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்த தம் தாயைப் படமெடுத்தே. அப்படங்களோடு அவர் எழுதிய கட்டுரையை நாம் உயர்வாகக் கருதுவதற்குக் காரணம் உண்டு. தாய் என்பவள் தெய்வம் என்று அதில் அவர் முழங்கவில்லை. கடன், சந்தை, விடியுமுன் எழுதல், தெருவிளக்கின் வெளிச்சம் என்று நடந்ததை நடந்தபடி வைக்கிறார். அதைப் படித்தபின் மீண்டும் படத்தைப் பார்த்தால், அந்த வெளிச்சம் அழகுக்காக நிற்கவில்லை, வேலை நேரத்தைச் சொல்கிறது என்று தெரிகிறது. எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவர் இக்கலையைக் கற்பித்துவருவதும் இதன் தொடர்ச்சியே.

நல்ல படத்துக்குச் சொல் எதற்கு, படமே பேசவேண்டாமா என்று கலை அறிந்தோர் கேட்பர். பாதி உண்மை. சொல் மிகுந்தால் படம் வெறும் சாட்சிக் கடிதமாகிவிடும். மங்கலான படத்தை உருக்கமான கதையால் தூக்கி நிறுத்துவோரும் உளர். (போட்டிகளின் நடுவர்கள் இதற்கு எளிதில் மயங்குகின்றனர் என்பது நம் எண்ணம்.) கதை சொல்வதால் துன்பம் நேரும் இடங்களும் உண்டு. கொல்கத்தாவின் சோனாகாச்சிச் சிறுவர்களைக் கொண்டு சானா பிரிஸ்கி செய்த பணி ஆவணப்படமாகி 2005-இல் ஆஸ்கர் விருது பெற்றது. அக்குழந்தைகளையும் தாய்மாரையும் உலகின்முன் நிறுத்தியது முறையா என்ற கேள்வி விருதுக்குப் பின்னும் அடங்கவில்லை. பெயரைக் கேட்டறிவது வேறு, வெளியிடுவது வேறு. வெளியிடலாமா என்று அவரையே கேட்கவேண்டும்.

கதை எழுதப்படாமல் போனால் எதை இழப்போம் என்பதைப் புதுவை நகரிலேயே காணலாம். பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஸோயி ஹெட்லி முன்னின்று, பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடி மின்வடிவில் காத்தனர். ஒரு நூற்றாண்டுக் காலப் படங்கள் அவை. மணமக்கள், மொட்டையடித்த பிள்ளைகள், நாற்காலியில் சாய்த்துவைத்து எடுக்கப்பட்ட இறந்தோர். நம் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் இத்தகைய படங்கள் உண்டு: புதுநன்மை நாளின் வெள்ளை உடை, பெட்டியைச் சுற்றி உற்றார் நிற்கும் அடக்கத்துப் படம். அடக்கத்துப் படத்தில் எல்லோரும் கேமராவை நோக்கி நிற்பர், ஒருவர் மட்டும் நோக்கார். அட்டையின் ஓரத்தில் ஸ்டூடியோவின் பெயர் அழியாமல் இருக்கும். பின்புறம் திருப்பினால் வெறுமை. நிற்பவர்களில் யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்லத்தக்கவர் வீட்டில் ஒருவரோ இருவரோ எஞ்சியிருப்பர். அவருக்கும் எண்பது கடந்திருக்கும்.

கைப்பேசி வந்தபின் பின்புறம் என்பதே இல்லாமற் போயிற்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர்ப் பகுதி ஊர்களுக்குள் புகுந்தது. அந்நாள்களில் எடுக்கப்பட்ட படங்கள் கைக்குக் கை சென்றன. இடுப்பளவு நீரில் நிற்கும் ஆண்கள், கட்டிலின்மேல் ஏற்றிய அடுப்பு, மூழ்கிய நெல். அவற்றுள் சில, எந்தப் பத்திரிகைக் கலைஞரும் எடுக்கக் கூடாதவை, ஏனெனில் அவை வீட்டுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றோடு வந்த சொற்களோ, ‘பாகூரில் வெள்ளம்’ என்ற அளவே. எந்தத் தெரு, எத்தனை மணி, கட்டிலில் முதலில் ஏற்றப்பட்டது அடுப்பா, பிள்ளையின் புத்தகமா? எடுத்தவர்கள் இன்னும் அவ்வூர்களில்தான் இருக்கின்றனர். சுவரில் சுண்ணாம்பு அடிக்காத வீடுகளில் நீர் நின்ற உயரமும் இன்னும் தெரிகிறது.