தலைகீழ் டபிள்யூவும் என் பையனின் முழங்கையும்

பையனுக்கு 12 வயசு. இங்கே அமெரிக்காவில் வளர்கிற பையன், பேஸ்பாலில் பிட்சர். போன மாசம் அவனோட ஞாயிற்றுக்கிழமை டீம் கோச் ஒரு வீடியோ அனுப்பினார். ஒருவர் பந்து எறிவதை மெதுவாக ஓட்டி, நடுவில் நிறுத்தி, சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். இரண்டு முழங்கையும் தோளுக்கு மேலே, கைகள் கீழே தொங்குகின்றன. இதுக்குப் பேர் 'தலைகீழ் டபிள்யூ'. (எம் என்று சொன்னால் என்ன குறைச்சலோ!) இப்படி எறிந்தால் கை போய்விடும் என்கிறது வீடியோ. சாட்சிக்கு மார்க் பிரையர், ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க். "உங்க பையனும் கொஞ்சம் இப்படித்தான் தூக்குறான்" என்று கோச் கீழே எழுதியிருந்தார்.

ரெண்டு நாள் சரியா தூக்கம் இல்லை. அப்புறம் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

பிரையர் 2003இல் சிகாகோ கப்ஸ் அணிக்கு 18 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தவர். அன்றைக்கு அவர் எறியும் முறையைத்தான் குறையே இல்லாதது என்று கொண்டாடினார்கள். 2006க்குப் பிறகு அவர் மேஜர் லீக்கில் எறியவே இல்லை. உடனே அதே கை, அதே அசைவு குற்றவாளிக் கூண்டில். வீடியோவில் வராத சங்கதி நிறைய இருக்கு. அந்த 2003 சீசனில் மட்டும் 211 இன்னிங்ஸ் எறிந்தார், கடைசி மாசத்தில் ஒரே ஆட்டத்தில் 130 பந்துக்கு மேலும் போனார். 2005இல் அடித்து வந்த பந்து ஒன்று முழங்கையில் பட்டு எலும்பு முறிந்தது. அதுக்கும் டபிள்யூவுக்கும் என்ன சம்பந்தம்? கடைசியில் அவரை முடக்கியதும் முழங்கை இல்லை, தோள்.

எங்க தொழிலில் இது பழகிப்போன தப்பு. சர்வர் படுத்ததும் லாகைத் திறந்து, கண்ணில் பட்ட முதல் வார்னிங்கைக் காரணம் என்று சொல்லிவிடுவோம். நல்லா ஓடிக்கொண்டிருக்கிற சர்வர்களிலும் அதே வார்னிங் தினமும் வருதா என்று யாரும் பார்ப்பதில்லை. காயமே படாத பிட்சர்களில் எத்தனை பேர் கையை இப்படித் தூக்குகிறார்கள்? வீடியோ அந்தக் கேள்விப் பக்கமே போகவில்லை. 2015இல் வந்த ஓர் ஆய்வு போனது. 250 தொழில்முறை பிட்சர்களின் வீடியோக்களைப் பார்த்ததில், தலைகீழ் டபிள்யூவுக்கும் அறுவை சிகிச்சைக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. வேறொன்றுக்குத் தொடர்பு இருந்தது: முன்கால் தரையில் ஊன்றும் முன்பே மார்பு திரும்பிவிடுவது. ஆக, எறியும் முறையால் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரலை. நிறுத்தி வைத்த படத்தில் தோரணைதான் தெரியும், எது முந்தியது எது பிந்தியது என்பது தெரியாது.

அதைவிட என்னை உலுக்கியது சுமைக் கணக்கு. வளர்ந்த பிட்சர் வேகமாக எறியும்போது முழங்கையில் விழும் முறுக்கு விசை சுமார் 64 நியூட்டன் மீட்டர் என்று கிளென் ஃப்ளெய்சிக் குழு 1995இல் அளந்தது. இறந்தவர்களின் முழங்கையை எடுத்துச் சோதித்தபோது உட்பக்க லிகமென்ட் சுமார் 32லேயே அறுந்தது. டாமி ஜானுக்கு 1974இல் மாற்றி வைத்தார்களே, அதே லிகமென்ட். மிச்சச் சுமையில் பெரும்பங்கை தசைகள் வாங்கிக்கொள்கின்றன. தசை களைத்துவிட்டால்?

களைப்போடு அடிக்கடி எறிந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை ஆபத்து 36 மடங்கு என்று 2006 ஆய்வு ஒன்று உண்டு. இந்த எண்ணைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அது அறுவை முடிந்த பையன்களிடம் நினைவிலிருந்து கேட்டு வாங்கிய கணக்கு, வீடியோ செய்கிற தப்பின் சாயல் அதிலும் உண்டு. 2011இல் வந்தது தேவலை. 9 முதல் 14 வயது வரை இருந்த 481 பையன்களைப் பத்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். வருஷத்துக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு 3.5 மடங்கு.

இதைப் படித்த ராத்திரிதான் பையனின் கணக்கைக் கூட்டினேன். லிட்டில் லீக் விதிப்படி அவன் வயசுக்கு ஒரு நாளைக்கு 85 பந்து. 66ஐத் தொட்டாலே நாலு நாள் ஓய்வு. சனிக்கிழமை ஒரு டீம், ஞாயிறு இன்னொரு டீம். இரண்டு டீமும் ஒழுங்காக எண்ணுகின்றன, தனித்தனியாக. ஏப்ரலில் ஒரு வார இறுதியில் மட்டும் 71, அடுத்த நாள் 64. ஞாயிறு கோச்சுக்கு சனிக்கிழமைக் கணக்கு தெரியாது. தெரிந்த ஒரே ஆள், ரெண்டு மைதானத்துக்கும் கார் ஓட்டிய நான்.

கோச்சைக் கூப்பிட்டு, இந்த சீசன் முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை இவன் எறிய மாட்டான், ஃபீல்டிங் மட்டும் என்று சொன்னேன். "அடுத்த வாரம் செமி ஃபைனல்" என்றார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "அந்த வீடியோ பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். பையன் இன்னும் என்னோட பேசலை.