உடைமையும் துயரும்

'பிறனில் விழையாமை' என்னும் குறள் அதிகாரத்தின் தலைப்பிலே மனைவிக்குப் பெயர் 'இல்'. கணவனோ அவ்வில்லுக்கு உரிய 'பிறன்'. அறங்கூறும் சொல்லினுள்ளும் உடைமையுறவு உறைந்துள்ளது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இதனையே விதியாக்கிற்று. அதன் 497ஆம் பிரிவின்படி, கணவன் உடன்பட்டிருப்பின் குற்றமே இல்லை. மனைவியின் சம்மதத்துக்கோ மதிப்பில்லை. 2018இலேதான் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை நீக்கிற்று.

வஞ்சிக்கப்பட்ட கணவனின் துயர் பொய்யன்று. ஆயினும், பொருளிழந்தவனின் சினம் வேறு. அன்பிழந்தவனின் துயர் வேறு. சபிக்கும் உரிமையாளனாகவே நாம் அறிந்த கோதமனை, புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' கதையிலே தன் சுடுசொல்லுக்குத் தானே குன்றும் மனிதனாக்கினார். அவன் திருந்தியும் யாது பயன்? சீதை தீக்குளித்த செய்தி கேட்டு அகலிகை மீண்டும் கல்லாகிறாள். தனிமனிதன் திருந்தினால் மட்டும் போதாது. பெண்ணை உடைமையாக்கிய சமுதாய அமைப்பே மாறுதல் வேண்டும்.